முதுகுவலியும் மின்சாரமும்: ஒரு கருவியின் வரலாறு



தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது பழமொழி. நம் தோட்டப்புற மக்கள் அதனோடு முதுகுவலியையும் சேர்த்துக்கொள்ளலாம். நான் பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்தில். என் தாயார் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரை நிரையாக மரம் வெட்டி, பிறகு காண்டா கம்பின் இரு முனையிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டு, மேட்டிலும் பள்ளத்திலும் தோளில் சுமந்து கொட்டகைக்குக் கொண்டுவந்து சேர்ப்பார். மாலையில் வீட்டுத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, "ஏறி மிதிடா தம்பி" என்பார். ஏழெட்டு வயதுப் பையனாகிய நான் அவர் முதுகின்மேல் ஏறி மெல்ல நடப்பேன். "அப்பாடா" என்று ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சுக்குப் பின்னால் ஓர் அறிவியல் இருக்கிறது என்று அன்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றியும் இன்று சொல்லப் போகிறேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. முதுகுவலி என்று சொல்லி ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அதை எளிதில் நம்பமாட்டார்கள். கையில் வெட்டுக்காயம் என்றால் காட்டலாம். காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம். முதுகுவலியை எப்படிக் காட்டுவது? "காயம் எங்கே? வீக்கம் எங்கே?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல முடியாமல் நம்மவர் தலைகுனிந்து நிற்பார்கள். வலியால் பட்ட துன்பம் பாதி, வலியை மெய்ப்பிக்க முடியாமல் பட்ட துன்பம் பாதி.

இந்தப் பேச்சுக்குத் தலைப்பு கிடைத்தது என் அண்ணனால். அவர் செம்பனைத் தோட்டத்தில் நீண்ட காலம் குலை வெட்டியவர். நீண்ட கழியில் பொருத்திய அரிவாளை அண்ணாந்து பிடித்து இழுப்பதும், விழுந்த குலையைக் குனிந்து தூக்கித் தள்ளுவண்டியில் போடுவதும் முதுகை என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகும் இடுப்பிலிருந்து கால் நுனிவரை நெருப்பை இழுத்தாற்போல வலி ஓடுகிறது. அண்மையில் ஒரு மருத்துவர் அவரிடம், "முதுகுத் தண்டுக்குப் பக்கத்தில் மின்சாரக் கருவி ஒன்றைப் பொருத்திப் பார்க்கலாம்" என்று சொன்னார். அதன் பெயர் 'ஸ்பைனல் கோர்ட் ஸ்டிமுலேட்டர்'. தமிழில் முதுகுத் தண்டு மின்தூண்டி என்று சொல்லலாம். செலவு பெரிய செலவு. அண்ணன் என்னைக் கேட்டார்: "தம்பி, நீ வாத்தியார். நாலு புத்தகம் படிச்சவன். உடம்புக்குள்ள கரண்டு வைக்கிறேங்கிறாங்களே, வைக்கலாமா?"

நான் மருத்துவன் அல்லன். ஆனால் ஒரு மாணவன் கேள்வி கேட்டால், தெரியாது என்று சொல்லிவிட்டுப் போவது ஆசிரியனுக்கு அழகாகாது. தேடிப் படித்தேன். அந்தக் கருவியின் வரலாற்றைப் படித்த பிறகு, அண்ணனுக்குச் சொல்ல வேண்டியது என்ன என்பது எனக்குத் தெளிவாயிற்று. அதை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

நேயர்களே, வலிக்கு மின்சாரம் என்பது புதிய எண்ணமன்று. ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் பழமையானது. மின்சாரம் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் அது தொடங்கியது. ரோமாபுரியில் கி.பி. முதலாம் நூற்றாண்டில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற மருத்துவர் இருந்தார். கடலில் ஒரு வகைத் திருக்கை மீன் உண்டு. அதைத் தொட்டால் உடம்பில் 'சுரீர்' என்று அதிர்ச்சி ஏறும், கை மரத்துப்போகும். கால் மூட்டுகளில் வாத வலி உள்ளவர், ஈரமான கடற்கரையில் இந்த மீனை உயிரோடு காலுக்குக் கீழே வைத்து, முழங்கால்வரை மரத்துப்போகும்வரை நிற்க வேண்டும் என்று அவர் எழுதிவைத்தார். தீராத தலைவலிக்கும் அதே மீனைத் தலையில் வைக்கச் சொன்னார். மீன் உடம்பில் ஊறும் மின்சாரம்தான் அந்த அதிர்ச்சி என்பதை உலகம் தெரிந்துகொள்ள மேலும் 1,700 ஆண்டுகள் ஆயின.

பிறகு 18-ஆம் நூற்றாண்டு வந்தது. இத்தாலி நாட்டில் லூயி கால்வானி என்பவர் செத்த தவளையின் காலில் மின்சாரம் பாய்ந்தால் அது துடிப்பதைக் கண்டு, 1791-இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். நரம்பும் மின்சாரமும் உறவுடையவை என்ற உண்மை அப்போது வெளிப்பட்டது. அதே நாட்டைச் சேர்ந்த வோல்ட்டா 1800-இல் முதல் மின்கலத்தைச் செய்தார். இன்று உங்கள் வானொலிப் பெட்டிக்குள் போடும் பேட்டரிக்கு அவர்தான் தாத்தா.

உண்மை ஒரு படி ஏறினால், போலி இரண்டு படி ஏறும் என்பது உலக இயல்பு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் மின்சார இடுப்பு வார் என்று ஒன்றை விற்றார்கள். அதை இடுப்பில் கட்டினால் முதுகுவலி போகும், நரம்புத் தளர்ச்சி போகும், இழந்த இளமை திரும்பும் என்றெல்லாம் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தார்கள். ஏழைத் தொழிலாளர்களும் பணம் கொடுத்து வாங்கினார்கள். 1919-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற 'எலெக்ட்ரீட்' என்ற கைக்கருவி, வலியை மட்டுமல்லாமல் எத்தனையோ நோய்களைத் தீர்க்கும் என்று சொல்லி விற்கப்பட்டது. 1938-இல் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே வந்த பிறகு, அது நீதிமன்றப் படி ஏற வேண்டியதாயிற்று.

நம் ஊர்ச் சந்தையில் ஒலிபெருக்கி வைத்து எண்ணெய் விற்பவரையும் இவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியாது. வலியால் வாடுகிறவன் எதையும் நம்ப ஆயத்தமாக இருப்பான். அவனுடைய நம்பிக்கைதான் அவர்களுக்கு முதலீடு. இதனால் நல்ல மருத்துவர்கள் வலிக்கு மின்சாரம் என்ற பேச்சையே வெறுத்து ஒதுக்கினார்கள். அந்த வெறுப்பு மாறுவதற்கு வலியைப் பற்றிய எண்ணமே மாற வேண்டியிருந்தது.

வலி என்றால் என்ன? பிரெஞ்சு நாட்டு அறிஞர் தெக்கார்த் என்பவர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். அவர் இறந்த பிறகு, 1664-இல் வெளிவந்த நூலில் ஒரு படம் இருக்கிறது. நெருப்புக்கு அருகில் ஒருவன் காலை வைத்திருக்கிறான். காலிலிருந்து மூளைக்கு ஒரு கயிறு போகிறது. நெருப்பு கயிற்றை இழுக்க, மூளையில் மணி அடிக்கிறது. கோயில் மணியைக் கயிறு பிடித்து அடிப்பது போலத்தான். இந்த விளக்கத்தின்படி, காயம் பெரிதானால் வலி பெரிது. காயம் இல்லையென்றால் வலி இல்லை. "காயம் எங்கே?" என்று நம்மவரைக் கேட்டார்களே, அந்தக் கேள்வியின் வேர் இந்தக் கயிற்றில்தான் இருக்கிறது.

ஆனால் வாழ்க்கை இந்தக் கயிற்றுக்குக் கட்டுப்படவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்தவர்களைக் கவனித்த வெயர் மிட்செல் என்ற மருத்துவர், அவர்களில் பலர் இல்லாத காலில் வலிக்கிறது என்று கதறியதை 1871-இல் எழுதினார். கால் போய்விட்டது, கயிறும் அறுந்துவிட்டது, மணி மட்டும் அடிக்கிறது! இதற்கு நேர்மாறாக, இரண்டாம் உலகப் போரின்போது 1944-இல் இத்தாலியின் அன்சியோ கடற்கரையில் ஹென்றி பீச்சர் என்ற மருத்துவர் வேறொன்றைக் கண்டார். பெருங்காயம் பட்டுக் கிடந்த போர்வீரர்களில் பலர், வலி மருந்து வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றார்கள். போர்க்களத்திலிருந்து உயிரோடு மீண்டோம் என்ற நிம்மதி அவர்களுக்கு. இங்கே கயிறு இழுபடுகிறது, மணி அடிக்கவில்லை.

இந்தப் புதிருக்கு 1965-ஆம் ஆண்டில் ஒரு விடை வந்தது. கனடாவைச் சேர்ந்த ரொனால்டு மெல்சாக் என்ற உளவியல் அறிஞரும், இங்கிலாந்தில் பிறந்து அப்போது அமெரிக்காவில் பணியாற்றிய பேட்ரிக் வால் என்ற நரம்பியல் அறிஞரும் சேர்ந்து, 'சயன்ஸ்' என்ற ஆராய்ச்சி இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் சொல்லப்பட்டதுதான் வாயிற்கதவுக் கொள்கை.

இதை நம் தோட்டத்தை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். முதுகுத் தண்டில் ஒரு வாசல் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வாசலில் ஒரு ஜாகா நிற்கிறார். வலிச் செய்தி மெல்லிய நரம்பிழைகள் வழியாக வருகிறது. தொடுதல், தடவுதல், அழுத்துதல் ஆகிய செய்திகள் தடித்த நரம்பிழைகள் வழியாக வருகின்றன. தடித்த இழைகளின் செய்தி மிகுதியாக வந்தால் ஜாகா கதவைப் பாதி சாத்திவிடுகிறார். வலிச் செய்தி உள்ளே போவது குறைகிறது. அதுமட்டுமல்ல, மேலே ஆபீசிலிருந்து துரை தொலைபேசியில், "கதவைச் சாத்து" என்றோ "திறந்து வை" என்றோ ஜாகாவுக்குக் கட்டளையிடுவதும் உண்டு. அந்த ஆபீஸ்தான் நம் மூளை. அச்சமும் கவலையும் கதவைத் திறக்கும். நிம்மதி கதவைச் சாத்தும். அன்சியோ வீரர்களின் கதை இப்போது விளங்குகிறதல்லவா?

குழந்தை காலை இடித்துக்கொண்டு அழுதால் தாய் ஓடிவந்து அந்த இடத்தைத் தேய்த்துவிடுகிறாள். என் தாயார் என்னை முதுகில் ஏறி மிதிக்கச் சொன்னார். இரண்டும் ஒரே வேலைதான்: தடித்த இழைகளை எழுப்பி, ஜாகாவைக் கொண்டு கதவைச் சாத்துவது. இந்தக் கொள்கையின் நுணுக்கங்கள் சில பின்னாளில் திருத்தப்பட்டன. எனினும் அதன் சாரம் நிலைத்தது. கண்ணுக்குத் தெரியும் காயம் இல்லாமலும் வலி உண்மையாகவே இருக்க முடியும். காயம் ஆறிய பிறகும் நரம்புகளில் வலி குடியிருக்க முடியும் என்பதை அறிவியல் ஒப்புக்கொண்டது. முதுகுவலிக்காரனைப் பொய்யன் என்று சொன்னவர்களுக்கு அதுவே பதில்.

கட்டுரை வெளிவந்த சில ஆண்டுகளுக்குள் அதைச் செயலில் காட்ட ஒருவர் முன்வந்தார். அவர் பெயர் நார்மன் ஷீலி. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் இருந்த நரம்பு அறுவை மருத்துவர். தடித்த நரம்பிழைகள் எல்லாம் முதுகுத் தண்டின் பின்புறத்தில் ஒன்றுசேர்ந்து மேலே போகின்றன. அந்த இடத்தில் சிறிதளவு மின்சாரம் கொடுத்தால், உடம்பைத் தேய்க்காமலேயே தேய்த்த பலன் கிடைக்குமல்லவா என்று அவர் எண்ணினார். தாமஸ் மார்ட்டிமர் என்ற இளம் பொறியியல் மாணவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, முதலில் பூனைகளிடம் சோதித்தார். 1967 மார்ச் மாதத்தில், நுரையீரல் புற்றுநோயால் மார்பிலும் வயிற்றிலும் தாங்க முடியாத வலியோடு இருந்த 70 வயதான ஒருவருக்கு முதன்முதலாக முதுகுத் தண்டின்மேல் சிறு உலோகத் தகடு ஒன்றை வைத்து மின்சாரம் கொடுத்தார்கள். வலி தணிந்தது. ஆனால் நோய் முற்றியிருந்த அவர் சில நாட்களுக்குள் இறந்துவிட்டார். ஒரே ஒரு நோயாளி, சில நாட்கள். இந்தக் கருவியின் வரலாறு அங்கே தொடங்குகிறது.

அந்தக் காலத்தில் இதயத்துக்கு மின்துடிப்புக் கொடுக்கும் கருவிகள் ஏற்கெனவே வந்துவிட்டன. 1958-இல் சுவீடன் நாட்டில் உடம்புக்குள் முழுமையாகப் பொருத்தும் முதல் இதயத் துடிப்புக் கருவி பொருத்தப்பட்டிருந்தது. அந்தத் தொழில்நுட்பமே முதுகுத் தண்டுக்கும் உதவிற்று. 1968-இல் அமெரிக்காவின் மெட்ரானிக் நிறுவனம் முதுகுத் தண்டு மின்தூண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

வானொலி கேட்கும் நீங்கள் ஒரு செய்தியைக் கட்டாயம் அறிய வேண்டும். தொடக்க காலத்துக் கருவிகளில் உடம்புக்குள் பேட்டரி இல்லை. தோலுக்குள் ஒரு சிறிய வானொலி வாங்கியைத்தான் வைத்தார்கள். வெளியே சட்டைப் பையில் ஒலிபரப்பி. அதிலிருந்து வரும் கம்பியின் முனையைத் தோலின்மேல் ஒட்டிக்கொண்டால், வானொலி அலை தோலைத் துளைத்து உள்ளே போய் மின்துடிப்பாக மாறும். என் குரல் உங்கள் வீட்டுக்கு வருவதற்கு உதவும் அதே வகை அலைதான், ஒருவருடைய முதுகுத் தண்டுக்கும் ஆறுதல் கொண்டுபோயிற்று.

இனி நடந்தது என்ன? ஆர்வம் கரை கடந்தது. யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது என்று தெளிவாக அறியுமுன்னரே பலருக்குப் பொருத்தினார்கள். முதுகெலும்பின் ஒரு பகுதியை வெட்டி எடுத்துத்தான் தகட்டை வைக்க வேண்டியிருந்தது. கம்பிகள் அறுந்தன, தகடுகள் இடம் பெயர்ந்தன. சிலருக்குத் தொடக்கத்தில் கிடைத்த சுகம் நாளடைவில் மங்கிப்போயிற்று. இதில் வியப்பான செய்தி என்னவென்றால், கண்டுபிடித்த ஷீலியே சில ஆண்டுகளில் இக்கருவியைப் பொருத்துவதை விட்டுவிட்டார். 1971-இல் விஸ்கான்சின் மாநிலத்தில், உடற்பயிற்சி, மனப்பயிற்சி, தோலின்மேல் கொடுக்கும் மெல்லிய மின்துடிப்பு ஆகியவற்றைக் கொண்டு வலியைக் குறைக்கும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். தாம் பெற்ற பிள்ளையையே குறை கண்டு தள்ளி நிற்கும் நேர்மை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

எனினும் கருவி மறையவில்லை, திருந்தியது. 1970-களில், வெட்டித் திறக்காமல் ஊசி வழியாகவே மெல்லிய மின்கம்பியை உள்ளே செலுத்தும் முறை வந்தது. அதனால் ஒரு பெரும் நன்மை விளைந்தது. கருவி முழுவதையும் பொருத்துவதற்குமுன், கம்பியை மட்டும் சில நாட்கள் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். பயன் இல்லையென்றால் உருவி எடுத்துவிடலாம். 1980-களில் பேட்டரியும் உடம்புக்குள் போயிற்று. 2004-இல் திரும்பத் திரும்ப மின்னேற்றம் செய்யக்கூடிய பேட்டரி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இன்று பொருத்தப்படும் கருவி, தோலுக்குக் கீழே இடுப்பின் பின்புறத்திலோ வயிற்றோரத்திலோ வைக்கப்படும் ஒரு சிறிய பெட்டி. அதிலிருந்து முதுகுத் தண்டின் உறைக்கு வெளியே போய் நிற்கும் மெல்லிய கம்பிகள். அவ்வளவே.

சரி, இது உண்மையில் பயன் தருகிறதா? அண்ணன் கேட்டதும் இதுதானே?

2007-இல் ஒரு முக்கியமான ஆய்வின் முடிவு வெளிவந்தது. கனடாவின் கிருஷ்ண குமார் என்ற நரம்பு அறுவை மருத்துவரின் தலைமையில் பல நாடுகளில் நடந்த ஆய்வு அது. முதுகில் அறுவை சிகிச்சை செய்தும் காலில் நரம்பு வலி தீராத 100 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்குக் கருவி. மற்றவர்களுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு, கருவி பெற்றவர்களில் நூற்றுக்கு 48 பேருக்குக் கால் வலி பாதியாவது குறைந்தது. மற்றவர்களில் நூற்றுக்கு 9 பேருக்குத்தான் அப்படிக் குறைந்தது. இது நல்ல செய்தி. ஆனால் கருவி பொருத்தப்பட்டவர்களில் நூற்றுக்கு 32 பேருக்கு ஓராண்டுக்குள் ஏதாவதொரு சிக்கல் வந்தது. 2008-இல் பிரிட்டனின் அரசு மருத்துவ ஆலோசனை அமைப்பு, ஆறு மாதத்துக்குமேல் தீராத கடும் நரம்பு வலிக்கு, சோதித்துப் பார்த்துப் பயன் தெரிந்தால் இக்கருவியைப் பொருத்தலாம் என்று பரிந்துரைத்தது.

இந்த ஆய்வில் ஒரு குறை இருந்தது. கருவி பெற்றவருக்குத் தாம் கருவி பெற்றது தெரியும். புது மருந்து என்று சொல்லிச் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்தாலும் சிலருக்கு வலி குறைவது உண்டு. அது பொய்யன்று, ஆபீசிலிருந்து துரை ஜாகாவுக்கு இடும் கட்டளை. ஆகவே கருவியின் வேலை எவ்வளவு, நம்பிக்கையின் வேலை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய கருவிகளில் அது முடியவில்லை. மின்சாரம் ஓடினால், மரத்துப்போன கால் உயிர்பெறும்போது உண்டாகுமே, அதைப் போன்ற குறுகுறுப்பு தெரியும். ஓடுகிறதா இல்லையா என்பதை நோயாளி உடனே அறிந்துகொள்வார். அண்மைக் காலத்தில்தான் குறுகுறுப்பே தெரியாத வகை மின்துடிப்புகள் வந்தன. அவற்றில் ஒரு வகையை 2015-இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. அவ்வாண்டு வெளிவந்த ஆய்வில் அது பழைய வகையைவிடக் கூடுதல் பலன் தந்ததாகக் கண்டார்கள்.

குறுகுறுப்பில்லாத வேறொரு வகையைக் கொண்டு நார்வே நாட்டு மருத்துவர்கள் நேர்மையான சோதனை ஒன்றைச் செய்தார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் கால் வலியால் துன்புற்ற 50 பேருக்குக் கருவி பொருத்தினார்கள். மூன்று மாதம் மின்சாரம், மூன்று மாதம் வெறும் பெட்டி என்று மாற்றி மாற்றி வைத்தார்கள். எப்போது எது என்று நோயாளிக்குத் தெரியாது. 2022-இல் முடிவு வந்தது. இரண்டு காலத்திலும் நோயாளிகளின் நிலைமை சற்று முன்னேறியிருந்தது. ஆனால் மின்சாரம் ஓடிய காலத்துக்கும் ஓடாத காலத்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2023-இல், அதுவரை இடுப்பு முதுகுவலிக்காக நடந்த 13 ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்த்த காக்ரேன் அறிஞர்கள், இக்கருவியின் நீண்டகாலப் பயனுக்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். இதை மறுப்பவர்களும் உண்டு. நார்வே ஆய்வில் மின்துடிப்பை அமைத்த விதம் சரியில்லை என்று அவர்கள் வாதிடுகிறார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை.

தீங்குகளின் கணக்கையும் சொல்லத்தான் வேண்டும். 2016 ஜூலை முதல் 2020 ஜூலைவரை நான்கே ஆண்டுகளில், இக்கருவிகள் தொடர்பாக 107,728 அறிக்கைகள் அமெரிக்காவின் உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு வந்தன. ஒவ்வோர் அறிக்கையிலும் கருவிதான் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் அந்த அமைப்பு 2020 செப்டம்பரில் மருத்துவர்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. நிரந்தரமாகப் பொருத்துமுன் கட்டாயம் சோதித்துப் பாருங்கள் என்பது அதன் சாரம்.

அன்பர்களே, இந்த வரலாறு முழுவதையும் எடுத்துப் பாருங்கள். திருக்கை மீனிலிருந்து இன்றைய கருவிவரை ஒரே பாடம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. வலியும் உண்மை, மின்சாரம் சிலருடைய வலியைத் தணிப்பதும் உண்மை, ஆனால் ஒவ்வொரு காலத்திலும் நம்பிக்கை முன்னே ஓடியது, சோதனை பின்னே நடந்துவந்தது. இடையில் அகப்பட்டவர் வலியால் வாடிய எளிய மனிதர். ஆகவே நாம் சோதனையை முன்னே நடக்கவிட்டு, நம்பிக்கையைப் பின்னே அழைத்துவர வேண்டும்.

இதைத்தான் அண்ணனிடம் சொன்னேன். மருத்துவரிடம் கேட்பதற்கு நான்கு கேள்விகளைத் தாளில் எழுதியும் கொடுத்தேன். உங்களுக்கும் பயன்படலாம்.

முதலாவது, என் வலி எந்த வகை வலி? நரம்பு வலியா, தசையும் மூட்டும் தேய்ந்த வலியா? இக்கருவி நரம்பு வலிக்கென்றே வளர்ந்தது. சுமை தூக்கிப் பிடித்துக்கொண்ட முதுகுக்கு இது மருந்தன்று. நீரிழிவால் கால் நரம்பு எரியும் சிலருக்கும் ஒரு வகைக் கருவியை 2021-இல் அமெரிக்காவில் அனுமதித்திருக்கிறார்கள். அதுவும் நரம்பு வலியே.

இரண்டாவது, முதலில் சில நாட்கள் சோதித்துப் பார்க்க முடியுமா? அந்த நாட்களில் வலி குறைந்ததா என்று மட்டும் பார்க்காமல், எவ்வளவு தூரம் நடந்தேன், எத்தனை மணி நேரம் உறங்கினேன் என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

மூன்றாவது, பயிற்சி, மருந்து, மறுவாழ்வுச் சிகிச்சை ஆகியவற்றை ஒழுங்காகச் செய்து முடித்துவிட்டோமா?

நான்காவது, பின்னால் வரும் செலவு யாருடையது? பேட்டரி தீர்ந்தால், கம்பி நகர்ந்தால், கிருமி தொற்றினால் மீண்டும் அறுவை வேண்டியிருக்கும். உடம்பைப் படம் பிடிக்கும் காந்தப் பொறிக்குள் போகவும் சில கருவிகள் தடையாக இருக்கும். இதையெல்லாம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. கேள்வி கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று பயப்பட வேண்டியதில்லை. நல்ல மருத்துவர் கேள்வியை வரவேற்பார்.

இன்னோர் எச்சரிக்கை. முதுகுவலியோடு திடீரென்று கால்கள் வலுவிழந்தாலோ, சிறுநீரை அடக்க முடியாமற் போனாலோ, இடுப்புக்குக் கீழே மரத்துப்போனாலோ, எந்தக் கருவியையும் பற்றி யோசித்துக்கொண்டிராமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

அண்ணன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சோதனைக் கம்பி வைத்துப் பார்ப்பது, பயன் தெரியாவிட்டால் எடுத்துவிடுவது என்று அண்ணியும் அவரும் முடிவு செய்திருக்கிறார்கள். முடிவு அவர்களுடையது. போகும்போது அண்ணன், "காயம் இல்லாமலும் வலிக்கும்னு படிச்சவங்களே எழுதிட்டாங்களா, தம்பி?" என்று மறுபடியும் கேட்டார். "ஆமாம் அண்ணே, 1965-லேயே எழுதிவிட்டார்கள்" என்றேன். "அம்மா இருந்தா சொல்லியிருக்கலாம்" என்றார்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் முதுகுவலியோடு ஒருவர் இருக்கக்கூடும். அவர் வலிக்கிறது என்று சொன்னால், முதலில் நம்புங்கள். பிறகு அவரோடு சேர்ந்து நல்ல மருத்துவரிடம் போங்கள். போகும்போது இந்த நான்கு கேள்விகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

மீண்டும் வேறொரு தலைப்பில் சந்திப்போம்.